ஊட்டியில் இலை மென்று பார்த்த மருந்தாளுநர்: டேவிட் ஹூப்பர் பற்றி நம் கரைக்காரர்களோடு பேச ஓர் இழை

தொண்டி மருந்தாளுநர்:

இருமல் சிரப் வாங்குகிறவர்கள் பாட்டிலின் லேபிளைப் பெரும்பாலும் படிப்பதில்லை. புரோம்ஹெக்சின் என்றோ அம்ப்ராக்சால் என்றோ போட்டிருக்கும். இரண்டுக்கும் மூலம் நம் வேலியோரத்து ஆடாதோடை. அந்த இலையிலிருந்து வாசிசின் என்ற சத்தை 1888இல் பிரித்துக் காட்டியவர் டேவிட் ஹூப்பர். 1960களில் ஜெர்மனியில் வாசிசினை முன்மாதிரியாக வைத்துச் செயற்கையாகத் தயாரித்ததுதான் புரோம்ஹெக்சின். அது உடம்புக்குள் போய் மாறும்போது கிடைக்கிற பொருள் அம்ப்ராக்சால்.

ஹூப்பர் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். நானும் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் இப்படி ஒருவர் இருந்தார், அதுவும் நம் மாகாணத்திலேயே வேலை பார்த்தார் என்று படிக்கிற காலத்தில் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவர் 1858இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1884இல் சென்னை அரசாங்கம் அவரை உதகமண்டலத்துக்கு வரவழைத்தது. வேலை, நீலகிரியில் வளர்த்த சிங்கோனா மரப்பட்டையில் எவ்வளவு குவினைன் இருக்கிறது என்று சோதித்துச் சொல்வது. குவினைனைப் பட்டையிலிருந்து முதலில் பிரித்தவர்களும் மருந்தாளுநர்கள்தான்: 1820இல் பாரிஸில் பெல்தியேவும் கவாந்துவும். மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று உலகத்தில் இருந்த ஒரே உருப்படியான மருந்து அது. எந்த மரத்தின் பட்டையில் சத்து அதிகம், எதில் குறைவு என்று தெரியாமல் தோட்டம் போட்டால் பணமும் போகும், உயிரும் போகும். அதனால் அந்த அளவு பார்க்கும் வேலைக்கு அவ்வளவு மதிப்பு.

சம்பளம் சிங்கோனாவுக்குத்தான். ஆனால் மனுஷர் அதோடு நிற்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஜனங்கள் மருந்தாகப் பயன்படுத்திய இலை, வேர், பட்டை ஒவ்வொன்றையும் எடுத்துச் சோதித்தார். பம்பாயில் இருந்த வில்லியம் டைமாக், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வார்டன் ஆகிய இருவரோடும் சேர்ந்து ‘ஃபார்மகோகிராஃபியா இண்டிகா’ என்ற பெரிய நூலை எழுதினார். 1890 முதல் 1893 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. ஒவ்வொரு செடிக்கும் வரலாறு, நாட்டு வைத்தியத்தில் அதன் பயன், வேதியியல் சோதனையில் கண்டது, பஜாரில் எந்த வடிவத்தில் கிடைக்கிறது என்று வரிசையாக இருக்கும். தமிழ்ப் பெயர்களும் இருக்கும்.

அவர் வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது சிறுகுறிஞ்சான் சோதனை. 1887இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இந்த இலையை மென்றால் நாக்குக்கு இனிப்பு தெரியாது என்று எட்ஜ்வொர்த் என்பவர் முன்பே கவனித்திருந்தார். ஹூப்பர் அதைக் கேள்விப்பட்டதோடு விடாமல் தானே மென்றார், கூட இருந்தவர்களையும் மெல்லச் சொன்னார். பிறகு வரிசையாக ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்த்தார். சர்க்கரை ருசியே இல்லை. இஞ்சி போட்ட இனிப்பு ரொட்டியில் இஞ்சிக் காரம் மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் வெறும் மாவு. இனிப்பான ஆரஞ்சு எலுமிச்சைப் பழம் போலப் புளித்தது. ஒரு நாள் முழுக்க இப்படி இருக்கும் என்று முன்பு சொல்லி வைத்திருந்தார்கள். அவர் நேரம் பார்த்து, ஒன்றிரண்டு மணி நேரம்தான், அதற்குப் பிறகு நாக்கு பழையபடி ஆகிவிடுகிறது என்று எழுதினார். இந்த வேலையைச் செய்யும் பொருளுக்கு ஜிம்னெமிக் அமிலம் என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் அந்தப் பெயர்தான்.

எவ்வளவு, எவ்வளவு நேரம், எதற்கு வேலை செய்கிறது, எதற்குச் செய்யவில்லை. ஒரு மருந்தாளுநர் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். நம் கரையில் எத்தனையோ செடிகளைப் பற்றி யாரும் இன்னும் இப்படிக் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

கீழக்கரை பி.ஃபார்ம்:

அஸ்ஸலாமு அலைக்கும் சார். நான் மூன்றாம் வருடம் படிக்கிறேன். எங்கள் பாடத்தில் வாசிசின் ஒரு வரி, ஜிம்னெமிக் அமிலம் ஒரு வரி. இரண்டையும் கண்டெடுத்தது ஒரே ஆள் என்பது இப்போதுதான் தெரிகிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து இலையை மென்றிருக்கிறார் என்று யாராவது வகுப்பில் சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தையே வேறு மாதிரி படித்திருப்பேன்.

ஒரு சந்தேகம். இலை எப்படி இனிப்பை மட்டும் மறைக்கிறது?

தொண்டி மருந்தாளுநர்:

வ அலைக்கும் ஸலாம் தம்பி. நாக்கில் இனிப்பை உணர்வதற்கென்று தனி ஏற்பிகள் இருக்கின்றன. ஜிம்னெமிக் அமிலம் அவற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. அது அங்கே இருக்கிற வரை சீனி வந்தாலும் தகவல் மூளைக்குப் போகாது. எச்சிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போனதும் ருசி திரும்புகிறது. மனிதனிடமும் சிம்பன்சியிடமும் இது நடக்கும், எலியிடம் நடக்காது. ஏற்பியின் அமைப்பில் உள்ள சின்ன வித்தியாசம்தான் காரணம்.

குவினைனின் கசப்பும் மறைவதாக ஹூப்பர் எழுதினார். பிற்காலத்தில் சத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் சோதித்தபோது, அது முக்கியமாக இனிப்பைத்தான் தொடுகிறது என்று கண்டார்கள். எப்படிச் சோதித்தார் என்று அவர் விவரமாக எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களால் சரிபார்க்க முடிந்தது.

ராம்நாடு நாட்டுமருந்து:

ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. தாத்தா காலத்திலிருந்து நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறோம். சிறுகுறிஞ்சானுக்கு எங்கள் கடையில் இன்னொரு பெயர் சர்க்கரைக்கொல்லி. இனிப்பைக் கொல்லும் என்று பெயரிலேயே இருக்கிறது. ஆடாதோடையைக் கஷாயம் வைத்துக் கொடுக்காத கிழவி உண்டா இந்த ஜில்லாவில்? அப்படி இருக்கும்போது ‘கண்டுபிடித்தார்’ என்று ஒரு வெள்ளைக்காரர் பெயரைப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. இலையைக் காட்டியது யார்? அதை இருமலுக்குக் கொடுக்கலாம் என்று சொன்னது யார்? அந்த வைத்தியர்களில் ஒருவர் பெயராவது அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா? அரசாங்கத்துக்கு மருந்துச் சரக்கு வேண்டியிருந்தது, பட்டியல் எடுத்தார்கள், கொண்டு போனார்கள். இதைச் சொல்லாமல் அவரைப் பாராட்டினால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

தொண்டி மருந்தாளுநர்:

கோபம் என்ன அண்ணாச்சி, நீங்கள் சொன்னதில் பெரும்பகுதி நியாயம். இலையைக் காட்டியவர்களின் பெயரை எழுதாமல் விட்டது அந்தக் காலத்து நூல்கள் எல்லாவற்றிலும் உள்ள குறை. ‘உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள்’ என்பதோடு முடித்துவிடுவார்கள். எந்த ஊர், எந்தக் குடும்பம், யார் என்று இருக்காது. அது பெரிய இழப்பு. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். ஆடாதோடை இருமலுக்கு நல்லது என்பது கிழவிக்குத் தெரியும். ஹூப்பர் அதை மறுக்கவில்லை, அதிலிருந்துதான் தொடங்கினார். இலைக்குள் இருக்கும் எந்தப் பொருள் அந்த வேலையைச் செய்கிறது என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் வாசிசின் கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கும் என்பது சோதனையில் தெரிய வந்தது. அதனால்தான் கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடக் கூடாது என்று இன்று காரணத்தோடு சொல்ல முடிகிறது. கிழவியின் அறிவும் வேண்டும், இதுவும் வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளின் சித்தா பிரிவில் ஆடாதோடை மணப்பாகு கொடுக்கிறார்கள். அந்தக் கவுண்டரில் நிற்கும் மருந்தாளுநருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ராம்நாடு நாட்டுமருந்து:

கர்ப்பிணி விஷயம் எங்கள் வீட்டிலும் சொல்வார்கள், அதனால் அதை ஒத்துக்கொள்கிறேன். பெயர் போடாத விஷயத்தில் என் வருத்தம் வருத்தம்தான்.

சாயல்குடி பனங்காடு:

வணக்கம். இதைப் படித்துவிட்டு வேலியில் படர்ந்திருந்த சிறுகுறிஞ்சானில் ரெண்டு இலை பறித்து மென்று பார்த்தேன். மாப்பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பையன்களும் கூட இருந்தார்கள். முதலில் நல்ல கசப்பு, அப்புறம் வாய் லேசாக மரத்த மாதிரி ஆனது. சீனியை அள்ளி வாயில் போட்டால் ஆற்று மணல் மாதிரி நறநறவென்று இருக்கிறது, ருசியே கிடையாது. பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

எங்கள் ஊரில் இஞ்சி ரொட்டிக்கு எங்கே போவது? சில்லுக் கருப்பட்டி இருக்கிறதே, சுக்கும் ஏலக்காயும் போட்டது, அதை எடுத்தோம். ஐயா சொன்னது அப்படியே. சுக்குக் காரம் சுள்ளென்று தெரிகிறது, ஏலக்காய் வாசனை தெரிகிறது. கருப்பட்டி இனிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. காய்ச்சின புகை வாசம் மட்டும் தொண்டையில் நிற்கிறது. பனையேறுகிற குடும்பத்தில் பிறந்து கருப்பட்டி இனிக்காமல் போனதை முதன்முதலாகப் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல மெல்ல இனிப்பு திரும்பி வந்துவிட்டது.

இன்னொன்று. எங்கள் பக்கம் மானாவாரியில் நித்திய கல்யாணி போடுகிறார்கள். ஆடு கடிக்காது, மழை கொஞ்சம் ஏமாற்றினாலும் நிற்கும். இலை தனியாக, வேர் தனியாக எடுத்துக்கொண்டு போகிறார்கள். எதற்கு என்று கேட்டால் வாங்க வருகிறவர் ‘வெளிநாட்டு மருந்துக்கு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறார். விலையும் அவர் சொல்வதுதான். அது என்ன மருந்து என்று யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள்.

தொண்டி மருந்தாளுநர்:

சில்லுக் கருப்பட்டிச் சோதனை அபாரம் அண்ணே. மென்ற நேரத்தையும் இனிப்பு திரும்பிய நேரத்தையும் அடுத்த முறை எழுதி வையுங்கள்.

நித்திய கல்யாணிக்கு வருவோம். இதை நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். இலையிலிருந்து எடுப்பது வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின். இரண்டும் புற்றுநோய் மருந்து. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் இல்லாமல் இன்றும் சிகிச்சை கிடையாது. வேரிலிருந்து எடுக்கும் அஜ்மாலிசின் ரத்த ஓட்டத்துக்கான மருந்து.

கண்டுபிடித்த கதையும் பெரிது. 1950களில் கனடாவுக்கு ஜமைக்காவிலிருந்து இந்த இலை போனது. ஜமைக்கா ஜனங்கள் சர்க்கரை நோய்க்கு இதைத் தேநீராகக் குடித்து வந்தார்கள். கனடாவில் ராபர்ட் நோபிள் என்பவர் சோதித்தார். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, ஆனால் ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. தேடியது கிடைக்கவில்லை என்று தூக்கிப் போடாமல், வெள்ளணு ஏன் குறைகிறது என்று விடாமல் பார்த்தார்கள். நோபிளும் சார்லஸ் பீரும் சேர்ந்து 1958இல் வின்பிளாஸ்டினை வெளியிட்டார்கள். அதே நேரத்தில் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனத்தில் கார்டன் ஸ்வொபோடா இதே செடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வின்கிறிஸ்டின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இலையில் இந்தச் சத்து இருப்பது துளியூண்டு. கிராம் கணக்கில் மருந்து எடுக்க டன் கணக்கில் இலை வேண்டும். உங்கள் ஊர் இலைக்கு ஆள் தேடி வருவது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. இதை வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்கவே கூடாது. விஷம். செடியை அறுத்துக் கட்டும்போதும் கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

சாயல்குடி பனங்காடு:

குழந்தைகளுக்கா... எங்கள் வீட்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இத்தனை வருஷமாக அறுத்துக் கட்டிப் போட்டுக்கொண்டு இருந்தோம், ஒரு வார்த்தை சொன்னார்களா என்று கேட்கிறாள். எனக்கும் அதேதான். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், எதற்குப் போகிறது என்று வளர்க்கிறவனுக்குச் சொல்ல வேண்டாமா?

கூடலூரிலிருந்து ஒரு முதுகுளத்தூர்க்காரன்:

வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவன். சிங்கோனா என்றதும் எழுதத் தோன்றியது. ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் வழியில் நடுவட்டம். ஹூப்பர் காலத்துக் குவினைன் வேலைக்கு அது முக்கியமான இடம். அங்கே பழைய சிறைக் கட்டிடம் இன்னும் இருக்கிறது. மலாயா பக்கத்திலிருந்து கொண்டுவந்த சீனக் கைதிகளைத் தோட்ட வேலைக்கு வைத்திருந்தார்கள். ஹூப்பருக்கு முன்பே தோட்டத்தைக் கவனித்த மெக்ஐவர் என்பவர் மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் பட்டை பட்டையாக உரித்து, அந்த இடத்தில் பாசியை வைத்துக் கட்டச் சொன்னாராம். புதிதாக வளர்ந்த பட்டையில் குவினைன் கூடுதலாக இருந்தது. கடைசியில் ஜாவாவில் டச்சுக்காரர்கள் வளர்த்த ரகத்தில் சத்து இன்னும் அதிகம் என்பதால் சந்தை அந்தப் பக்கம் போய்விட்டது.

மண்டபம் கேம்ப்:

மலேரியா என்றால் எங்களுக்குப் பழைய கதை இல்லை சார். ராமேஸ்வரம் தீவில் சவுக்குத் தோப்புக்குத் தண்ணீர் எடுக்க மணலில் குழி தோண்டுவார்கள். அந்தக் குழித் தண்ணீரில்தான் மலேரியாக் கொசு பெருகுகிறது என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சின்ன வயதில் எனக்கே வந்தது. குளிர் தூக்கிப் போடும், எத்தனை போர்வை போட்டாலும் அடங்காது. அப்புறம் வேர்த்துக் கொட்டும். மாத்திரை கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

என் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விரலெல்லாம் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டு வருவார். அதிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள், ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்த்துப் பார்க்கிறது அதில்தான் என்று நான் நர்சிங் படித்தபோது தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் சொன்னபோது நம்பவே இல்லை.

பாசி எந்தப் பாறையில் எந்த மாதம் நன்றாக இருக்கும், எவ்வளவு விட்டுவிட்டுப் பிய்த்தால் மறுபடி வளரும் என்றெல்லாம் அம்மாவுக்கும் கூடப் போகிறவர்களுக்கும் அத்துப்படி. ராம்நாடு அண்ணன் கேட்டது இங்கேயும் பொருந்தும். யாராவது எழுதி வைத்தால் அவர்கள் பெயரையும் போட்டு எழுத வேண்டும்.

தொண்டி மருந்தாளுநர்:

கட்டாயம் போட வேண்டும் தங்கச்சி, முதலில் அவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு.

உங்கள் மாத்திரைக் கசப்பு குளோரோகுயினாக இருக்கும். செயற்கை மருந்துதான், ஆனால் மூலக்கூற்றில் குவினைனின் சாயல் உண்டு. கூடவே பிரைமாகுயின் 14 நாள் கொடுப்பார்கள், கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்காக. காய்ச்சல் மூன்றாம் நாளே நின்றுவிடும். அதோடு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், பிறகு மறுபடி வரும். கவுண்டரில் நின்ற காலமெல்லாம் இதைத்தான் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியது. இப்போதும் சொல்கிறேன்: 14 நாளும் முழுசாகச் சாப்பிட வேண்டும்.

தேவிபட்டினம்:

இடையில் ஒரு கேள்வி. அப்பாவுக்குச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் இன்னொரு மாத்திரையும் சாப்பிடுகிறார். யாரோ சொன்னார்கள் என்று சிறுகுறிஞ்சான் பொடியைத் தினமும் தண்ணீரில் கலந்து குடிக்கிறார். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

தொண்டி மருந்தாளுநர்:

நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம். அந்த இன்னொரு மாத்திரை எது என்பதும் முக்கியம். கிளிமிபிரைடு வகையாக இருந்தால், அதோடு இந்தப் பொடியும் சேரும்போது சர்க்கரை ரொம்ப இறங்கிவிட வாய்ப்பு உண்டு. திடீரென்று வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே சீனித் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுங்கள். இலையை மென்றிருந்து நாக்குக்கு இனிப்பு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வயிற்றுக்குப் போன சீனி தன் வேலையைச் செய்யும். ஆள் மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நாக்கில் இனிப்பு மறைவதும் ரத்தத்தில் சர்க்கரை குறைவதும் ஒன்றல்ல. ஹூப்பர் நிரூபித்தது முதலாவதை. இரண்டாவது குறித்துப் பிற்காலத்தில் ஆய்வுகள் வந்திருக்கின்றன, கொஞ்சம் குறைவதாகச் சொல்பவையும் உண்டு. மாத்திரைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது இல்லை. பொடி பாக்கெட்டை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், மறைக்க வேண்டாம்.

ராம்நாடு நாட்டுமருந்து:

நானும் இதையே சொல்வேன். கடைக்கு வந்து கேட்பவர்களிடம் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் பொடி கொடுக்கிறோம்.

கீழக்கரை பி.ஃபார்ம்:

சார், ஹூப்பர் ஊட்டியை விட்ட பிறகு என்ன செய்தார்?

தொண்டி மருந்தாளுநர்:

1897இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்குப் போனார். பொருளாதாரத் தாவரங்கள் பிரிவின் காப்பாளராக 1914 வரை இருந்தார். இங்கிலாந்து திரும்பிய பிறகும் ஓயவில்லை. 1929இல் மலாயாவில் உள்ள சீன மருந்துக் கடைச் சரக்குகளைப் பற்றி எழுதினார். ஈரான், ஈராக் மூலிகைகள் பற்றிய அவருடைய நூல் 1937இல் வந்தபோது வயது எண்பதை நெருங்கிவிட்டது. 1947இல் காலமானார்.

சரி, நம் கரைக்கு வருவோம். காரங்காட்டு அலையாத்திக் காட்டில் தில்லை மரம் இருக்கிறது. பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று படகு தள்ளுகிறவர்களுக்குத் தெரியும். மணல்மேட்டில் அடும்பு படர்ந்து கிடக்கிறது. சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்ட இடத்தில் அடும்பு இலையை நசுக்கித் தடவும் பழக்கம் கடற்கரையில் உண்டு. தாய்லாந்திலும் அதே பழக்கம் இருந்து, அங்கே ஆய்வுக்கூடத்தில் சோதித்து, சொறி நஞ்சுக்கு எதிராக அந்த இலைச்சாறு வேலை செய்கிறது என்று எழுதிவிட்டார்கள். நம் பக்கம் எந்த ஊரில் எப்படித் தடவுகிறார்கள், இலையைச் சுட வைத்தா பச்சையாகவா, எவ்வளவு நேரம் என்று முதலில் எழுதி எடுக்க வேண்டும்.

மண்டபம் கேம்ப்:

எங்கள் பக்கம் நசுக்கிச் சாறு பிழிந்து விடுவார்கள். வினிகர் ஊற்றுகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டு விவரமாக எழுதுகிறேன்.

கீழக்கரை பி.ஃபார்ம்:

நானும் என் வகுப்பு நண்பர்களும் செய்யத் தயார் சார். எங்கள் ஊரில் வயசான லாத்தாமார்களிடம் நிறைய கைமருந்து இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

தொண்டி மருந்தாளுநர்:

ஆளிடம் கேட்பதற்கு முன்னால் செடியைப் பதிவு செய்யப் பழகுங்கள் தம்பி. பூவோ காயோ உள்ள கிளையாக ஒரு முழத்துக்குள் வெட்டி, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் ஒரு இலையாவது பின்பக்கம் தெரியும்படி பரப்பி, மேலே கனமான பலகை வையுங்கள். நம் கரையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். உமரி மாதிரி சதைப்பற்றுள்ள செடியை வெந்நீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு வைத்தால் சீக்கிரம் காயும். தாளின் ஓரத்தில் தேதி, ஊர், மண் எப்படி, சொன்னவர் எந்தப் பெயரில் அழைக்கிறார், எதற்குக் கொடுக்கிறார், எவ்வளவு கொடுக்கிறார் என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயரும் அதே தாளில் வர வேண்டும். தில்லையைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் போகாதீர்கள், காட்டுக்குள் போக வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ராம்நாடு நாட்டுமருந்து:

தம்பி, முதலில் கடைக்கு வாருங்கள். சரக்கு காய்ந்த பிறகு எப்படி இருக்கும், எதில் எதைக் கலந்து ஏமாற்றுவார்கள் என்று காட்டுகிறேன். பெட்டிக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய்ப் பச்சைச் செடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் இருக்காது.